டிரைவர் எதைச் சரிபார்க்க வேண்டும்? லினக்ஸ் கெர்னலில் செட்டிங் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இன்டெலின் ஜிகாபிட் நெட்வொர்க் சிப்களுக்கு லினக்ஸ் கெர்னலில் இ1000, இ1000இ என்று இரண்டு டிரைவர்கள் உண்டு. முன்னது பழைய பிசிஐ கார்டுகளுக்கு, பின்னது பிசிஐ எக்ஸ்பிரஸ் வகைக்கு. எழும்போது இரண்டும் ஒரே சோதனையைச் செய்கின்றன. சிப்போடு இருக்கும் நிரந்தர நினைவகத்தில் முதல் 64 சொற்களை (ஒவ்வொன்றும் 16 பிட்) கூட்டிப் பார்க்கும். கூட்டுத்தொகையின் கடைசி 16 பிட் 47802 என்று வர வேண்டும். வராவிட்டால் அங்கே எழுதியிருக்கும் மேக் முகவரியையும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) மற்ற செட்டிங்குகளையும் நம்ப முடியாது.

கூட்டல் தப்பினால் என்ன செய்வது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. இ1000 லாகில் புகார் எழுதும், மேக் முகவரியைப் பூஜ்யமாக்கும், பிறகு தொடர்ந்து ஓடும். அந்த நிலையில் நெட்வொர்க் போக்குவரத்து நடக்காது. ஆனால் இன்டர்ஃபேஸ் கண்ணுக்குத் தெரியும். ஈத்டூல் என்ற கட்டளைக் கருவியை வைத்து நினைவகத்தைப் படிக்கலாம், திருத்தி எழுதலாம், கையால் ஒரு மேக் முகவரி கொடுத்து ஓட்டவும் செய்யலாம். இ1000இ அப்படியில்லை. மூன்று முறை கூட்டிப் பார்க்கும், மூன்றும் தப்பினால் சாதனத்தைக் கண்டு தயார்செய்யும் ப்ரோப் கட்டத்தையே தோல்வி என்று முடித்துவிடும். இன்டர்ஃபேஸ் உருவாகாது. ஈத்டூலுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. நோயைக் கண்டுபிடித்த கையோடு மருந்துக் கடையையும் பூட்டியாயிற்று.

இன்டெலின் டைகர் லேக் தலைமுறை இயந்திரங்கள் சிலவற்றில் இது நிஜமாகவே வலித்தது. தொழிற்சாலையில், கூட்டுத்தொகையைச் சரிக்கட்டும் சரிபார்ப்புச் சொல்லை (செக்சம்) யாரும் நிரப்பாததால் அதில் 65535 என்றே இருந்தது. சிப் நன்றாக இருக்கிறது, மேக் முகவரி சரியாக இருக்கிறது, ஆனாலும் நெட்வொர்க் இல்லை. அந்த மதிப்பைக் கண்டால் சோதனையைத் தாண்டிப் போகும்படி 2025-ல் டிரைவரைத் திருத்தினார்கள்.

ஆகவே “டிரைவர் வன்பொருள் செட்டிங்குகளைச் சரிபார்க்க வேண்டுமா” என்று மொட்டையாகக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. இந்த மதிப்பு யாரிடமிருந்து வந்தது, தப்பானால் எது கெடும், தப்பு என்று யாரிடம் சொல்ல முடியும் என்ற மூன்றையும் ஒவ்வொரு செட்டிங்குக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சிப்பைப் பற்றி டிரைவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தை டிரைவர் சோதிக்கட்டும். மற்றதை அதற்கு மேலே இருப்பவர்களிடம் விடலாம் என்பது என் நிலை. கீழே வரும் படிகள் அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதற்காக. எல்லாம் லினக்ஸை வைத்துத்தான் சொல்கிறேன்.

படி 1: மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று எழுதி வையுங்கள்

டிரைவர் பயன்படுத்தும் எல்லா செட்டிங்குகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எதிரே அதன் ஊற்றைக் குறியுங்கள். டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருளை விவரிக்கும் கோப்பு), ஏசிபிஐ (பிசிக்களில் பயாஸ் தரும் வன்பொருள் விவரம்), பயனர் நிரல், மாட்யூல் பாராமீட்டர் (டிரைவரை ஏற்றும்போது தரும் மதிப்பு), சாதனமே தரும் தகவல் என்ற ஐந்துக்குள் பெரும்பாலும் எல்லாம் அடங்கிவிடும்.

அதிகம் சண்டை நடப்பது டிவைஸ் ட்ரீயில். இந்த முறை 1994-ஆம் ஆண்டின் ஐஇஇஇ 1275, அதாவது ஓப்பன் ஃபர்ம்வேர் தரத்திலிருந்து வந்தது. ஆர்ம் செயலி போர்டுகளுக்கான கெர்னல் கோடு கட்டுக்கடங்காமல் பெருகுகிறது என்று 2011-ல் லைனஸ் டோர்வால்ட்ஸ் கடிந்துகொண்ட பிறகு ஆர்ம் உலகம் முழுவீச்சில் இதற்கு மாறியது. போர்டில் எந்தச் சிப் எந்த முகவரியில் இருக்கிறது, எத்தனை மைக்ரோவோல்ட், எந்த இன்டரப்ட் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் வரும். புதிதாக டிரைவர் எழுதுகிறவர், நல்ல பழக்கம் என்று நினைத்து, ப்ரோபில் ஒவ்வொரு ப்ராப்பர்ட்டிக்கும் இருபது வரி சோதனை எழுதி அனுப்புவார். டிவைஸ் ட்ரீயைச் சரிபார்ப்பது கெர்னலின் வேலையல்ல, அந்தச் சோதனைகளை எடுத்துவிடு என்று ரிவ்யூவில் பதில் வரும். புதியவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும்.

அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்பிழையை அச்சகத்தில் பார்க்க வேண்டும், விருந்தாளி வீட்டு வாசலில் அல்ல. டிவைஸ் ட்ரீயைத் தொகுக்கும்போதே சோதிக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு சாதனத்துக்கும் யாமல் வடிவில் ஒரு ஸ்கீமா எழுதுகிறோம். எந்த ப்ராப்பர்ட்டி கட்டாயம், எந்த எண்கள் செல்லும், குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். ஸ்கீமா தன்னளவில் சரியா என்று பார்க்க, கெர்னலைத் தொகுக்கும் கருவியில் ஒரு கட்டளை, போர்டு கோப்புகள் ஸ்கீமாவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க டிடிபிஎஸ்-செக் என்ற இன்னொன்று. பிழை, போர்டை வடிவமைத்தவரின் திரையிலேயே தெரிந்துவிடும். அதே சோதனையை டிரைவரில் வைத்தால் ஒவ்வொரு பூட்டிலும், ஒவ்வொரு இயந்திரத்திலும், ஏற்கெனவே சரியாக இருக்கும் மதிப்பைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாதுகாப்புக் காரணமும் இங்கே எடுபடாது. டிவைஸ் ட்ரீயை மாற்றும் அதிகாரம் ஒருவருக்கு இருந்தால் அவரால் பெரும்பாலும் கெர்னலையே மாற்ற முடியும். நம்பிக்கையின் அளவில் இரண்டும் ஒரே தட்டு.

ஒரு விதிவிலக்கை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். டிவைஸ் ட்ரீயில் வந்த எண்ணை வைத்து ஒரு அரேயின் இடத்தைக் கணக்கிடுகிறீர்கள், அல்லது நினைவகம் ஒதுக்குகிறீர்கள் என்றால் எல்லையைக் கட்டாயம் பாருங்கள். எட்டு சேனல் உள்ள சிப்பில் யாரோ ஒன்பதாவது சேனலை எழுதிவிட்டால், கெர்னலின் வேறு யாருடைய நினைவகத்திலோ போய் எழுதிவிட்டு, அரை மணி நேரம் கழித்துச் சம்பந்தமில்லாத இடத்தில் விழும். அந்தப் பிழையைத் தேட ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இரண்டு வரி சோதனை ஒன்றுமே இல்லை. ரிவ்யூ செய்கிறவர்களும் இதற்கு எதிர்ப்பு சொல்வதில்லை.

ஏசிபிஐ வேறு மாதிரி. பிழை பயாஸில் இருக்கும், மடிக்கணினி விற்றுப்போயிருக்கும், தயாரித்தவர் அடுத்த மாடலுக்குப் போயிருப்பார். அங்கே சோதித்து நிராகரிப்பதில் யாருக்கும் லாபமில்லை. இயந்திரத்தின் மாடல் பெயரைப் பார்த்து மதிப்பைத் திருத்திக்கொள்ளும் குவிர்க் பட்டியல்தான் அங்கு வழக்கம்.

பயனர் நிரலிலிருந்து ஐஆக்டல், சிஸ்எஃப்எஸ், நெட்லிங்க் ஆகிய கெர்னல் வாசல்கள் வழியாக வருவதை ஒருபோதும் நம்பக் கூடாது. இதில் விவாதமே இல்லை. சாதனமே தரும் தகவலுக்குத் தனியாகவே ஒரு படி வைத்திருக்கிறேன்.

படி 2: தப்பானால் என்ன கெடும்?

பட்டியலில் ஒவ்வொரு மதிப்புக்கும் எதிரே இன்னொரு நெடுவரிசையை இழுங்கள். தவறான மதிப்பால் வன்பொருள் எரியுமா, நினைவகம் சிதையுமா, தவறான தரவு சத்தமில்லாமல் வெளியே போகுமா, அல்லது சாதனம் வெறுமனே வேலை செய்யாமல் நிற்குமா? கடைசி வகைக்குச் சோதனையே வேண்டாம். அது தானாகவே தெரிந்துவிடும். மூன்றாவது வகைதான் பலரும் கவனிக்காமல் விடுவது.

எரியக்கூடிய வகைக்கு எல்இடி நல்ல எடுத்துக்காட்டு. கேமரா ஃபிளாஷ் எல்இடியை டார்ச்சாக ஒளிரச் செய்ய மின்னோட்டம் தரும் ஒரு சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ரெஜிஸ்டர் (சிப்பில் மதிப்பை எழுதும் இடம்) 8 பிட், ஒரு படிக்கு 4 மில்லிஆம்ப் என்று வைத்துக்கொண்டால் சிப்பால் 1020 மில்லிஆம்ப் வரை தர முடியும். ஆனால் போர்டில் ஒட்டியிருக்கும் எல்இடி 300 மில்லிஆம்ப் மட்டுமே தாங்கும். இது சிப்பின் டேட்டாஷீட்டில் இருக்காது. டிரைவர் எழுதுகிறவருக்குத் தெரியவே தெரியாது. போர்டை வடிவமைத்தவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அதை டிவைஸ் ட்ரீயில் எல்இடி-மேக்ஸ்-மைக்ரோஆம்ப் என்ற ப்ராப்பர்ட்டியில் 300000 என்று எழுதுவார்.

டிரைவர் செய்ய வேண்டியது: 300000-ஐ 4000-ஆல் வகுத்து 75 என்று எடுத்து, அதையே அதிகபட்ச வெளிச்சமாக எல்இடி கோரிடம் (எல்லா எல்இடி டிரைவர்களுக்கும் பொதுவான கெர்னல் பகுதி) பதிவு செய்வது. அதன்பின் பயனர் 255 கேட்டாலும் கோர் அதை 75-க்குக் குறைத்துவிடும். டிரைவர் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டியதில்லை. எல்லையை ஒருமுறை சரியாகச் சொல்லிவிட்டால் காவல் காக்க வேறு ஆள் இருக்கிறார்.

இதில் சில சில்லறைச் சிக்கல்கள் உண்டு, அங்கேதான் கவனம் தேவை. மதிப்பு 310000 என்று இருந்தால் வகுத்தால் 77.5 வரும், கீழ்நோக்கித்தான் வெட்ட வேண்டும், அருகிலுள்ள முழு எண்ணுக்கு மேல்நோக்கிப் போகக் கூடாது. மதிப்பு 1500000 என்று இருந்தால் அது சிப்பின் வரம்பைத் தாண்டியது, ஆனால் பிழையல்ல. எல்இடி அவ்வளவு தாங்கும் என்பதுதான் அதன் பொருள். இரண்டில் சிறியதை எடுத்துக்கொண்டு பேசாமல் போகலாம். யாரோ மில்லிஆம்ப் என்று நினைத்து 300 என்று எழுதியிருந்தால் வகுத்தால் பூஜ்யம் வரும். இதை நிச்சயமாக நிராகரிக்க வேண்டும், ஏனென்றால் சிப்பால் தரக்கூடிய மிகக் குறைந்த மின்னோட்டத்தைவிட அது குறைவு. ப்ராப்பர்ட்டியே இல்லையென்றால்? சிப்பின் அதிகபட்சத்தை எடுத்துக்கொள்ளும் டிரைவர்களைக் கண்டிருக்கிறேன். எல்இடி கருகும் வாய்ப்பிருக்கும்போது இது தவறு. ஒன்று ப்ராப்பர்ட்டியைக் கட்டாயமாக்குங்கள், இல்லையேல் மிகச் சிறிய மதிப்பில் தொடங்குங்கள்.

எக்ஸ்ஃப்ரீ86 காலத்துக் குழாய் மானிட்டர்களிலும் இதே கதைதான். கிராஃபிக்ஸ் கார்டால் எந்த அதிர்வெண்ணையும் அனுப்ப முடியும், மானிட்டர் தாங்குமா என்று அதற்குத் தெரியாது. மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து வரம்புகளைப் பயனர் கையால் எழுதிக் கொடுப்பார், எக்ஸ் சர்வர் அந்த வரம்புக்கு வெளியே உள்ள மோடுகளைத் தள்ளிவிடும். தவறான வரம்பை எழுதினால் மானிட்டர் கெடலாம் என்ற எச்சரிக்கை அப்போது ஆவணங்களிலேயே இருந்தது. பிறகு மானிட்டரே தன் வரம்பைச் சொல்லும் இடிஐடி வந்து அந்தப் பாரத்தை இறக்கியது.

படி 3: வேறு யாராவது ஏற்கெனவே சோதிக்கிறார்களா?

சோதனை எழுதுமுன் உங்கள் டிரைவர் சேரும் சப்சிஸ்டத்தின் கோர் கோடைப் படியுங்கள். பலர் இதைச் செய்வதில்லை என்பது வரும் பேட்ச்களிலேயே தெரியும்.

எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, ஒரு நல்ல பாடம். வெகுகாலம் ஒவ்வொரு நெட்வொர்க் டிரைவரும் எம்டியு மாற்றக் கோரிக்கை வரும்போது தானே வரம்பைச் சோதித்தது. ஒருவர் 68-ஐக் கீழ்வரம்பாக வைப்பார் (ஐபிவி4 தரத்தின் குறைந்தபட்சம் அது), இன்னொருவர் 64 என்பார், வேறொருவர் மேல்வரம்பை மறந்துவிடுவார். 4.10 கெர்னலில் நெட்வொர்க் சாதனத்தின் அமைப்பிலேயே குறைந்தபட்ச, அதிகபட்ச எம்டியுவுக்கு இடம் கொடுத்தார்கள். டிரைவர் இரண்டு எண்களை நிரப்பினால் போதும், சோதனையைக் கோர் செய்யும். எத்தனையோ டிரைவர்களில் இருந்த ஒரே மாதிரி வரிகள் ஒரேயடியாக நீங்கின.

ஈத்டூலின் இன்டரப்ட் கோலெசிங் (பல இன்டரப்ட்களை ஒன்றாகச் சேர்க்கும் செட்டிங்) இதைவிட மோசமான நிலையில் இருந்தது. கோரிக்கையில் இருபதுக்கு மேல் புலங்கள், ஒரு சிப் அதில் மூன்றை மட்டும் ஆதரிக்கும். மீதியைப் பயனர் கேட்டால் மறுக்க வேண்டும். ஆனால் பல டிரைவர்கள் கண்டுகொள்ளாமல் வெற்றி என்று சொல்லிவிடும். பயனர் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். 5.7-லிருந்து டிரைவர் தான் ஆதரிக்கும் புலங்களை ஒரு பிட் வரிசையாகச் சொல்கிறது, மற்றதைக் கோரே மறுத்துவிடும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை: உங்கள் சோதனையில் சிப்பின் பெயரை அழித்துவிட்டுப் படித்தாலும் அது அப்படியே பொருந்துகிறது என்றால் அதன் இடம் கோர். அங்கே இல்லையென்றால், கோரில் சேர்க்கும் பேட்சை முதலில் அனுப்புங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் அடுத்த டிரைவர் எழுதுகிறவரும் அதே வரிகளை எழுத வேண்டியிருக்காது.

படி 4: மறுப்பதா, குறைப்பதா, எச்சரித்துவிட்டுப் போவதா?

இந்த வழிகாட்டியில் அதிகம் யோசிக்க வேண்டிய படி இது. எஸ்பிஐ (சிப்களை இணைக்கும் ஒரு சீரியல் பஸ்) கோரின் செட்டப் ஃபங்க்ஷனைத் திறந்து படியுங்கள். ஒரே ஃபங்க்ஷனுக்குள் மூன்று விதமான நடத்தை இருக்கும்.

சாதனம் கேட்கும் கிளாக் போலாரிட்டி போன்ற மோடு பிட்டைக் கன்ட்ரோலர் ஆதரிக்கவில்லையென்றால் பிழை என்று திரும்பிவிடும். நான்கு கம்பியில் தரவு அனுப்பும் குவாட் மோடைக் கேட்டு, கன்ட்ரோலரில் அது இல்லையென்றால் எச்சரிக்கை எழுதிவிட்டு, அந்தப் பிட்டை நீக்கிவிட்டு ஒற்றைக் கம்பியில் தொடரும். கேட்கும் வேகம் கன்ட்ரோலரின் அதிகபட்சத்தைவிட அதிகமென்றால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் குறைத்துக்கொள்ளும்.

கிளாக் போலாரிட்டி தவறினால் வரும் தரவு குப்பை. குவாட் இல்லாவிட்டால் வேலை சரியாக நடக்கும், மெதுவாக நடக்கும். வேகம் குறைந்தாலும் அப்படியே. அந்த ப்ராப்பர்ட்டியே அதிகபட்சத்தைத்தான் சொல்கிறது, அதற்குக் கீழே எதுவும் செல்லும். ஆக விளைவு சரியாக இருந்து தரம் மட்டும் குறைகிறதா, அல்லது விளைவே தவறாகிறதா என்று பாருங்கள். தவறாகிறதென்றால் மறுத்துவிடுங்கள். தரம் மட்டும் குறைகிறதென்றால் சரிக்கட்டலாம்.

சரிக்கட்டினால் கேட்டவருக்குச் சொல்ல வேண்டும், இது பல டிரைவர்கள் கோட்டை விடும் இடம். சீரியல் போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாக் 16 மெகாஹெர்ட்ஸ், 16-ஆல் வகுக்கும் சாதாரண யுஆர்ட் (சீரியல் போர்ட் சிப்). பயனர் 115200 பாட் கேட்கிறார். தேவையான வகுஎண் 8.68, முழு எண்ணாக 9 வைக்கிறோம். கிடைப்பது 111111 பாட், மூன்றரை சதவீதம் குறைவு. எதிர்முனையின் பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டால் எழுத்துகள் சிதறும். லினக்ஸில் டிரைவர் தான் உண்மையில் வைத்த வேகத்தை, பயனர் செட்டிங்குகளைக் கொடுத்த டெர்மியோஸ் அமைப்பிலேயே திருப்பி எழுத வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் விதிப்படி, கேட்ட மாற்றங்களில் ஒன்று நிறைவேறினாலும் அந்த அழைப்பு வெற்றி என்றே திரும்பலாம். ஆகவே நிரல் எழுதுகிறவர் மறுபடி படித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். டிரைவர் திருப்பி எழுதாமல் விட்டால் படித்தாலும் தெரியாது.

வீடியோ பக்கம் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். வி4எல்2 என்ற வீடியோ இடைமுகத்தில் ஃபார்மட் கேட்டால் டிரைவர் தன்னால் முடிந்த நெருங்கிய அளவுக்கு மாற்றி அதே அமைப்பில் திருப்பித் தருகிறது. வன்பொருளைத் தொடாமல் கேட்டு மட்டும் பார்க்கத் தனி ஐஆக்டலும் உண்டு.

சினாப்சிஸ் டிசைன்வேரின் ஐ2சி (சிப்களை இணைக்கும் இன்னொரு பஸ்) டிரைவர் எதிர்த்திசையில் போகிறது. 100 கிலோஹெர்ட்ஸ், 400 கிலோஹெர்ட்ஸ், 1 மெகாஹெர்ட்ஸ், 3.4 மெகாஹெர்ட்ஸ் என்ற நான்கைத் தவிர வேறு வேகம் கொடுத்தால் ப்ரோபே தோல்வி. ஐ2சி தரத்தின்படி 350 கிலோஹெர்ட்ஸில் ஓட்டுவது குற்றமில்லை, எனவே இது கொஞ்சம் கறார்தான். ஆனால் பிழைச் செய்தி, கொடுத்த வேகம் எது, ஏற்கும் நான்கு வேகங்கள் எவை என்று அப்படியே சொல்லிவிடுகிறது. படித்தவர் இரண்டு நிமிடத்தில் திருத்திவிடுவார். அதனால் மன்னித்துவிடலாம்.

படி 5: முதலில் எல்லாவற்றையும் பாருங்கள், பிறகு ரெஜிஸ்டரைத் தொடுங்கள்

நான்கு செட்டிங் மாற வேண்டும். மூன்றை ரெஜிஸ்டரில் எழுதியாயிற்று, நான்காவது தவறென்று தெரிகிறது. இப்போது வன்பொருள் பழைய நிலையிலும் இல்லை, புதிய நிலையிலும் இல்லை. டிஸ்ப்ளேக்கான டிஆர்எம் சப்சிஸ்டம் இதை இரண்டு கட்டமாகப் பிரித்துத் தீர்த்தது. அட்டாமிக் செக் கட்டத்தில் மொத்த மாற்றத்தையும் சோதிக்கலாம், ஆனால் வன்பொருளைத் தொடக் கூடாது. கமிட் கட்டத்தில் வன்பொருளில் எழுதும்போது, இந்தச் செட்டிங் செல்லாது என்று பின்வாங்க இடமில்லை. சோதனை மட்டும் செய்து பதில் சொல் என்று பயனர் நிரல் ஒரு கொடி போட்டும் கேட்கலாம். உங்கள் சப்சிஸ்டத்தில் இந்த வசதி இல்லாவிட்டாலும் ஃபங்க்ஷனை இப்படி இரண்டாக வெட்டி எழுதுவதை யாரும் தடுக்கவில்லை.

சோதனைக்குள் வரும் கணக்கும் கவனத்துக்குரியது. 3.3 வோல்ட்டை மைக்ரோவோல்ட்டில் 3300000 என்று எழுதி, 12 பிட் மாற்றியின் 4096-ஆல் பெருக்கினால் 1351 கோடியைத் தாண்டும். 32 பிட்டில் 429 கோடி வரைதான் இடம். வழிந்துபோன எண், எல்லைக்குள் இருப்பதுபோல் தோன்றிச் சோதனையைத் தாண்டிவிடும். 64 பிட்டில் பெருக்குங்கள், அல்லது வழிவைக் கண்டுபிடிக்கும் கெர்னல் உதவி மேக்ரோக்களைப் பயன்படுத்துங்கள்.

பயனர் நினைவகத்திலிருந்து மதிப்பை ஒரே ஒருமுறை நகலெடுத்து, அந்த நகலைச் சோதித்து, அதே நகலைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் முறை படிப்பதற்குள் வேறொரு த்ரெட் அதை மாற்றியிருக்கலாம். அந்த எண் அரேயின் சுட்டெண் என்றால், 2018-ல் ஸ்பெக்டர் என்ற செயலி ஓட்டை வெளிவந்த பிறகு எல்லைச் சோதனை மட்டும் போதாது என்றாகிவிட்டது; செயலி ஊகித்து முன்னோடும்போதும் சுட்டெண்ணை எல்லைக்குள் வைக்கும் நோஸ்பெக் மேக்ரோவையும் சேருங்கள்.

புதிய ஐஆக்டல் என்றால் எதிர்காலத்துக்கென ஒதுக்கிய புலங்களும் கொடிகளும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று முதல் நாளிலிருந்தே பாருங்கள். இன்று கண்டுகொள்ளாமல் விட்டால், நாளை அந்தப் புலத்துக்கு ஒரு பொருள் தர முடியாது, ஏனென்றால் குப்பை மதிப்போடு ஓடும் பழைய நிரல்கள் உடையும். கோப்பைத் திறக்கும் ஓப்பன் சிஸ்டம் கால் தெரியாத கொடிகளை அலட்சியம் செய்து இந்தப் பொறியில் மாட்டியது. தெரியாத கொடியை மறுக்கும் ஓப்பன்ஏட்2 வருவதற்கு 5.6 கெர்னல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

படி 6: சாதனம் சொல்வதையும் நம்பாதீர்கள்

யுஎஸ்பி சாதனம் தன்னைப் பற்றித் தானே விவரம் தரும். எத்தனை எண்ட்பாயின்ட் (தரவு போய்வரும் வாசல்), என்ன வகை, எவ்வளவு பெரிய பாக்கெட். பழைய டிரைவர்கள் பல, முதல் எண்ட்பாயின்ட் பல்க் வகைதான் என்று கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டன. நிஜச் சாதனம் அப்படித்தான் இருக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் ஓடின. 2017 வாக்கில் சிஸ்காலர் ஃபஸ்ஸர் (தாறுமாறான உள்ளீடு கொடுத்துப் பிழை தேடும் கருவி) போலிச் சாதன விவரங்களைக் கெர்னலுக்குள் செலுத்த ஆரம்பித்ததும் டிரைவர்கள் வரிசையாக விழுந்தன. இப்போது எண்ட்பாயின்ட் வகையைச் சோதிக்கும் உதவி ஃபங்க்ஷன்கள் யுஎஸ்பி கோரிலேயே இருக்கின்றன. ப்ரோபின் முதல் வேலையாக அவற்றை அழையுங்கள். யுஎஸ்பி துளை யார் வேண்டுமானாலும் எதையும் செருகக்கூடிய இடம். தண்டர்போல்ட் வழியாகத் தீய சாதனம் இயந்திரத்தின் நினைவகத்தையே படிக்க முடியும் என்று 2019-ல் தண்டர்கிளாப் ஆய்வு காட்டியது.

போர்டில் பற்றவைத்த சிப்புக்கு இவ்வளவு சந்தேகம் தேவையில்லை. ஆனால் பிசிஐ சாதனத்திலிருந்து எல்லாப் பிட்டும் 1 என்று வந்தால் அதைச் செட்டிங்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாதனம் பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டதன் அடையாளம் பெரும்பாலும் அதுதான். நிரந்தர நினைவகத்தில் செக்சம் தப்பினால், முடிந்தவரை சாதனத்தைச் செயலற்ற நிலையில் வைத்தாவது பதிவு செய்யுங்கள். திருத்துவதற்கு ஒரு வாசல் வேண்டும்.

படி 7: பிழையைச் சொல்லும் விதம்

“செல்லாத மதிப்பு” என்று மட்டும் எழுதும் செய்தி யாருக்கும் உதவாது. எந்தப் ப்ராப்பர்ட்டி, என்ன மதிப்பு வந்தது, எது செல்லும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். மதிப்பு தவறென்றால் 22 என்ற இன்வேலிட் ஆர்க்யூமென்ட் குறியீடு, சிப் அந்த வசதியையே ஆதரிக்கவில்லையென்றால் 95 என்ற ஆதரவில்லைக் குறியீடு. ரெகுலேட்டரோ கிளாக்கோ இன்னும் வராததால் ப்ரோப் தள்ளிப்போவது பிழையே அல்ல, 5.9-ல் வந்த டெவ்-எர்-ப்ரோப் உதவியைப் பயன்படுத்தினால் அது லாகை நிரப்பாது, காரணத்தை மட்டும் குறித்து வைக்கும்.

பயனர் தூண்டக்கூடிய இடத்தில் வார்ன் மேக்ரோ போடாதீர்கள். எச்சரிக்கை வந்தாலே பேனிக் ஆகும்படி, அதாவது கெர்னல் நின்றுபோகும்படி, அமைத்த சர்வர்கள் உண்டு. ஒரு தவறான ஐஆக்டல் மொத்த இயந்திரத்தையும் வீழ்த்திவிடும்.

படி 8: டிரைவரின் சோதனை எதைக் காக்காது

2017-ல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளாக்ஸ்க்ரூ என்ற தாக்குதலைக் காட்டினார்கள். நெக்சஸ் 6 போனில் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் ஒன்றுக்கொன்று பொருந்தாதபடி வைத்து, டிரஸ்ட்ஸோன் என்ற பாதுகாப்புப் பகுதிக்குள் ஓடும் கணக்கையே பிழையாக்கினார்கள். எந்த அதிர்வெண்ணுக்கு எவ்வளவு மின்னழுத்தம் என்ற பட்டியல் மென்பொருளில்தான் இருந்தது. வன்பொருளில் தடை எதுவும் இல்லை. கெர்னலைக் கைப்பற்றியவருக்கு டிரைவரின் சோதனை ஒரு பொருட்டல்ல, அதை அவரே அழித்துவிடுவார். 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட், இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்புப் பகுதி மீது ஏறக்குறைய இதையே செய்தது. அதற்குத் தீர்வு மைக்ரோகோடு, பயாஸ் மட்டத்தில் அந்த மின்னழுத்த வசதியைப் பூட்டுவதாக இருந்தது. உங்கள் பட்டியலில் “எரியும்” என்று குறித்த மதிப்புகளுக்கு, போர்டு வடிவமைப்பவரிடம் ஃபியூஸோ, மின்னோட்ட வரம்போ வன்பொருளிலேயே வைக்க முடியுமா என்று கேளுங்கள்.

படி 9: பழைய டிரைவரில் புதுச் சோதனை

ஏற்கெனவே வெளியான டிரைவரில் சோதனையைச் சேர்ப்பதற்குத் தனி நிதானம் வேண்டும். இத்தனை நாள் தவறான மதிப்போடு நன்றாக ஓடிய போர்டு, கெர்னலை மேம்படுத்தியதும் நின்றுவிட்டால் அது உங்கள் பிழையாகத்தான் கணக்கில் வரும். பழைய டிவைஸ் ட்ரீ கோப்பு புதிய கெர்னலில் ஓட வேண்டும் என்பது எழுதப்பட்ட எதிர்பார்ப்பு. முதலில் கெர்னல் மரத்தில் உள்ள எல்லாப் போர்டு கோப்புகளிலும் அந்தப் ப்ராப்பர்ட்டியைத் தேடிப் பாருங்கள். ஸ்கீமாவை இறுக்கி, டிடிபிஎஸ்-செக்கில் விழும் கோப்புகளைத் திருத்துங்கள். டிரைவரில் முதலில் எச்சரிக்கை மட்டும் போதும். சில வெளியீடுகள் கடந்தும் யாரும் புகார் சொல்லவில்லையென்றால் மறுப்புக்கு மாற்றலாம். நினைவகம் சிதையும் வகைக்கு இந்தத் தயவு கிடையாது, உடனே மறுத்துவிடுங்கள்.

சோதிக்க உண்மையான போர்டு எல்லா நேரமும் தேவையில்லை. ஐ2சி-ஸ்டப் மாட்யூல் ஒரு போலிச் சிப்பை உருவாக்கும், அதன் ரெஜிஸ்டர்களில் நீங்களே குப்பையை எழுதிவிட்டு டிரைவரை ஏற்றிப் பார்க்கலாம். யுஎஸ்பிக்கு அதேபோல் போலிச் சாதனம் தர டம்மி-எச்சிடியும் ரா-காட்ஜெட்டும் உண்டு. எல்லைக் கணக்கை ஒரு தனி ஃபங்க்ஷனாகப் பிரித்துவிட்டால் 5.5-லிருந்து கெர்னலில் உள்ள கேயூனிட் என்ற சோதனைக் கட்டமைப்பில் 0, 1, எல்லை, எல்லைக்கு ஒன்று மேல், 32 பிட்டின் உச்சம் என்று ஐந்து மதிப்புகளையும் ஒரே கோப்பில் ஓட்டிவிடலாம். பேட்சின் விளக்கத்தில் எந்த மதிப்பைக் கொடுத்தால் முன்பு என்ன ஆயிற்று, இப்போது என்ன ஆகிறது என்று எழுதுங்கள். ரிவ்யூ செய்கிறவர் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.